நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறு

திருவருகைக்காலத்தைப் பிள்ளைகளோடு கொண்டாடுவதற்கு முதல் தடை நத்தார்தான்.

யாழ்ப்பாணத்தில், எங்கள் உரும்பிராய்ப் பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். கார்த்திகை நடுப்பகுதியிலேயே பாடசாலையில் நத்தார் ஒளிவிழா ஒத்திகை தொடங்கிவிடும். பிறகு முன்பள்ளி ஒளிவிழா, ஞாயிறு பாடசாலை ஒளிவிழா, அப்பாவின் கந்தோரில் ஒளிவிழா, சனசமூக நிலையத்தில் ஒளிவிழா. டிசம்பர் இரண்டாம் வாரம் முடிவதற்குள் உரும்பிராய்ப் பிள்ளை ஒன்று பாலன் பிறந்ததைப் பல மேடைகளில் பார்த்துவிடும். ஒரு மேடையில் தானே செட்டை கட்டிச் சம்மனசாக நின்றிருக்கும். நத்தார் தாத்தாவிடம் ரொபி வாங்கிய கை காய்ந்திருக்காது. இருபத்தைந்தாம் திகதி காலையில் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது புதுச்சட்டையும் அலுப்பும்தான்.

ஒளிவிழா வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சைவப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கூடி நின்று பாலன் பிறப்பைப் பாடுகிற வழக்கம் அருமையானது. அதைக் குறைப்பது பெற்றோரின் கையிலும் இல்லை. பெற்றோரின் கையில் இருப்பது வீடு. வெளியில் எத்தனை தரம் நத்தார் வந்து போனாலும், வீட்டுக்குள் பாலன் இன்னும் பிறக்கவில்லை என்று நாலு கிழமைக்கு உறுதியாக நிற்கலாம். இந்த அத்தியாயம் அதற்குத்தான்.

கணக்கு

நவம்பர் 30 புனித அந்திரேயாவின் நாள். அதற்கு மிகக் கிட்டிய ஞாயிறுதான் திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும். 27இல் தொடங்கினால் இருபத்தெட்டு நாள். 3இல் தொடங்கினால் இருபத்திரண்டே நாள், நாலாம் ஞாயிறே நத்தாருக்கு முதல் நாளாகிவிடும். கடையில் விற்கிற அட்டை நாட்காட்டி எப்போதும் டிசம்பர் 1இல் தொடங்குவதால் இந்தக் கணக்கோடு ஒத்துவராது. கத்தோலிக்கர், அங்கிலிக்கன் சபையார், மெதடிஸ்தர், தென்னிந்தியத் திருச்சபையார் எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான். பெயர் மட்டும் சபைக்குச் சபை மாறும்.

இங்கே ஒரு பழங்கதை. 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையில் தொடங்கி உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டை என்று பரவிய அமெரிக்க மிசனரிமார் நியூ இங்கிலாந்துக்காரர். அந்தத் தூய்மைவாத மரபில் நத்தாரையே பெரிதாகக் கொண்டாட மாட்டார்கள். மசாசூசெற்ஸ் மாநிலம் நத்தாரைப் பொது விடுமுறையாக்கியது 1856இல்தான். நத்தாருக்கே அந்த நிலை என்றால் அதற்கு முந்திய நாலு ஞாயிறைப் பற்றிக் கேட்கவேண்டியதில்லை. ஆகவே, "எங்கட சபையில் இதெல்லாம் பழக்கமில்லை" என்று உடுவில் பக்கத்து அப்பப்பா யாராவது சொன்னால் அவர் பிழையாகச் சொல்லவில்லை. பழக்கமில்லாததைப் பழகலாம், அவ்வளவுதான்.

எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைப் பெரியவர்கள் முதலில் தெளிந்துகொள்ளவேண்டும். கிளேயர்வோவின் புனித பேர்னாட் மூன்று வருகைகளைப் பற்றிப் பிரசங்கித்தார்: பெத்லகேமில் வந்தது, முடிவில் வரப்போவது, இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு நாளும் மனதுக்குள் வருவது. பிள்ளைகளுக்கு முதலாவதைக் கதையாகச் சொல்லலாம். மூன்றாவதைச் செய்து காட்டலாம். இரண்டாவது, முடிவில் வரப்போவது, சின்னப் பிள்ளைக்குப் பயமாக இருக்கும். நியாயத்தீர்ப்பைச் சொல்லி வெருட்டாமல், "எல்லாத்தையும் சரியாக்க ஒருநாள் வருவார்" என்பதோடு விடுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் அவர்களே கேட்பார்கள்.

திருகணையும் நாலு சிட்டியும்

மெழுகுதிரி வளையத்தைத் தொடங்கிவைத்தவர் யொகான் ஹின்றிக் விக்கெர்ன் என்ற ஜெர்மன் போதகர். ஹம்பேர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய விடுதியில், நத்தார் எப்போது, நத்தார் எப்போது என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்கிறார்களே என்று 1839இல் ஒரு வண்டிச் சில்லை எடுத்து, கிழமை நாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரியும் ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரியும் வைத்து நாளுக்கொன்றாகக் கொளுத்தினார். கையில் கிடைத்த சில்லு அது. ஊசியிலைக் கொப்பும் சிவப்பு றிபனும் பிறகு வந்தவை. ஆகவே கொழும்பிலிருந்து பிளாஸ்ரிக் வளையம் எடுப்பிக்கவேண்டியதில்லை.

எங்களுக்குத் திருகணை இருக்கிறது. பானை உருளாமல் கீழே வைக்கிற வளையம். பனையோலையில் பின்னியது கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வைக்கோலைப் புரியாகத் திரித்து வட்டமாகச் சுற்றிக் கட்டுங்கள். இதைப் பிள்ளைகளே செய்யவேண்டும். ஒருவர் நுனியைப் பிடிக்க மற்றவர் முறுக்க, கோணல்மாணலாகத்தான் வரும், வரட்டும். ஒரு பெரிய தட்டில் ஈரமணல் பரப்பி, திருகணையை அதன்மேல் வைத்து, உள்வட்டத்து மணலில் நாலு சிட்டி விளக்குகளைப் பதியுங்கள். வைக்கோலும் நெருப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மணலைக் குறைக்கவேண்டாம். பெரியவர் இல்லாமல் கொளுத்தவும் வேண்டாம்.

சிட்டி வாங்க நல்ல நேரம் கார்த்திகை விளக்கீடு. அந்த நாட்களில் திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகம் சந்தையிலும் குவித்துவைத்து விற்பார்கள். விளக்கீட்டு அன்று அயல்வீட்டுப் படலையில் விளக்கு வைக்கும்போது உங்கள் பிள்ளையும் போய் ஒரு கை உதவினால் நல்லது. அயலிலுள்ள சைவர்களுக்கு அது முருகன் கோயில் விளக்கு, எங்களுக்கு இது வருகைக்கு முந்திய விளக்கு. இரண்டையும் ஒன்றென்று குழப்பவும் தேவையில்லை, ஒன்றைப் பார்த்து மற்றதற்கு முகம் சுளிக்கவும் தேவையில்லை.

நிறம் வேண்டுமென்றால் மூன்று சிட்டிக்கு ஊதாவும் ஒன்றுக்கு றோசாப்பூ நிறமும் பூசலாம். றோசாப்பூ நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு. அது மகிழ்ச்சி ஞாயிறு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் மின்விளக்கை அணைத்து, முதற்கிழமை ஒரு சிட்டி, இரண்டாங்கிழமை இரண்டு என்று கொளுத்துங்கள். வீட்டில் ஆகச் சின்னவர் கொளுத்தட்டும், தாயோ தகப்பனோ கையைப் பிடித்துக்கொள்ளட்டும். செபம் நீளவேண்டாம். "வாரும் ஆண்டவரே" என்று எல்லாரும் ஒருமுறை சொன்னால் போதும். எங்கள் பெரியவர்களுக்குச் செபத்தை நீட்டும் வழக்கம் உண்டு; சோறு ஆறிப்போகிற வீட்டில் பக்தி வளராது.

மழைக்கு மின்சாரம் போகிற இரவுகளும் வரும். அப்போது அந்தச் சிட்டியைத் தவிர வேறு வெளிச்சம் வேண்டாம். ரோச், கைபேசி எல்லாவற்றையும் ஒருபக்கம் வையுங்கள். திருவருகைக்காலத்து வாசகங்கள் இருட்டைப் பற்றிப் பேசுவது ஏன் என்று அன்றைக்கு விளக்கத் தேவைப்படாது.

மண்ணுக்குள் நடப்பது

ஐரோப்பாவில் திருவருகைக்காலம் இலை உதிர்ந்த காலம். அங்கே எழுதப்பட்ட வழிகாட்டிகள் உறைந்த நிலத்தையும் பனியையும் வைத்தே பேசும். உரும்பிராயில் அது மாரி. வருடத்தில் அதிக மழை கொட்டுவது நவம்பரில். செம்மண் கறுத்துக் குழைந்து, கிணறு மேலே வந்து, வேலியெல்லாம் பச்சை பிடித்து நிற்கும். எங்கள் காத்திருப்பு வளர்கிற காத்திருப்பு. அதைப் பிள்ளை தொட்டுப் பார்க்க இரண்டு வழி உண்டு.

ஒன்று பனம்பாத்தி. ஆவணி, புரட்டாதியில் பொறுக்கிய பனங்கொட்டைகளை மண்ணைக் கூட்டி உயர்த்திய பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடியிருப்பீர்கள், அல்லது அயலில் யாராவது மூடியிருப்பார்கள். முளை மேலே வராமல் கீழே போகும். கார்த்திகை முழுக்க அங்கே ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். முதல் ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளைப் பாத்தியடிக்குக் கூட்டிப்போய் ஒரேயொரு கிழங்கைக் கிண்டிக் காட்டுங்கள். மெலிந்து, வெளுத்து, தண்ணிப்பிடியாக இருக்கும். அவித்தாலும் சப்பென்றுதான் இருக்கும். அதை அவர்களே தின்று பார்க்கட்டும். மிச்சத்தைத் தொடவேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். மார்கழிக் கடைசியிலும் தையிலும் கிண்டும்போது விரல் மொத்தத்தில் மாவேறிய கிழங்கு வரும். காத்திருப்பது சும்மா இருப்பதல்ல என்று பிரசங்கம் செய்வதைவிட இது சுருக்கம்.

மற்றது கதியால். ஏசாயாவின் பதினோராம் அதிகாரம், ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் வரும் என்று தொடங்குகிறது. வெட்டிய தடி தளிர்ப்பது வேலி அடைக்கிற ஊரில் பிறந்த பிள்ளைக்குப் புதினமல்ல. முதல் ஞாயிறு சீமைக்கிளுவைத் தடியொன்றை வெட்டி, பிள்ளையின் கையால் வேலியோரம் நடுவியுங்கள். அடிமண்ணை நன்றாக இறுக்கவேண்டும், ஆட்டிப் பார்க்கக் கூடாது. மழை உதவினால் பெரும்பாலும் நத்தாருக்கு முன்னரே கணுக்களில் பச்சை தெரியும். தெரியாவிட்டால்? சில தடி பிடிக்காது. பக்கத்தில் இன்னொன்றை நட்டுவையுங்கள். பிள்ளையை ஏமாற்ற இரவோடிரவாகத் தளிர்த்த தடியை மாற்றி ஊன்றாதீர்கள்.

எந்தக் கிழமை எந்தக் கதை

கபிரியேல், ஆடு மேய்ப்பர், மூன்று ராசாக்கள் எல்லாம் ஒளிவிழாவில் வந்துவிடும். வீட்டில் அங்கே வராத கதைகளைச் சொல்லுங்கள்.

முதற்கிழமைக்கு எனக்கு மிகவும் பிடித்தது தாவீதின் கிணறு. சாமுவேலின் இரண்டாம் நூல், இருபத்துமூன்றாம் அதிகாரம். பெலிஸ்தியர் பெத்லகேமைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். சொந்த ஊருக்குள் கால்வைக்க முடியாத தாவீது, ஊர்வாசலில் இருக்கிற கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாய் குடிக்கக் கிடைக்காதா என்று ஏங்குகிறான். மூன்று வீரர் பகைவரின் பாளையத்துக்குள்ளால் புகுந்து அந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்ததைக் குடிக்க மனமில்லாமல் தாவீது அதை ஆண்டவருக்கென்று ஊற்றிவிடுகிறான். ஏன் ஊற்றினான் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள்.

உரும்பிராயில் இந்தக் கதைக்கு உரை தேவையில்லை. ஆறில்லாத குடாநாட்டில், சுண்ணக்கல்லுக்குள் மழைத்தண்ணீர் இறங்கித் தேங்கிய கிணறுகளால் வாழ்கிற ஊர் இது. பெத்லகேமும் சுண்ணக்கல் மேடுதான். பாலன் பிறந்ததாக மரபு காட்டுகிற இடமும் ஒரு குகை. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, ஆட்கள் வாளியும் கானுமாகப் பவுசருக்குக் காத்து நின்ற காலத்தை மூத்த பிள்ளைகளிடம் நினைவுபடுத்தலாம். ஊர்க்கிணறு இருந்தும் அதில் குடிக்க முடியாமற் போன கவலை இந்த மண்ணுக்குத் தெரியும். கதை முடிந்ததும் கிணற்றடிக்குப் போய் ஆளுக்கு ஒரு செம்பு அள்ளிக் குடித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாங்கிழமை ஸ்நாபக அருளப்பரின் முறை. பாதையைச் செவ்வையாக்குங்கள் என்று வனாந்தரத்தில் கத்தியவர். அந்தச் சனிக்கிழமை மண்வெட்டியும் கடகமுமாக ஒழுங்கையில் இறங்குங்கள். வெள்ளவாய்க்காலில் அடைத்துக்கிடக்கிற சருகை வழியுங்கள், பள்ளத்துக்குக் கல்லும் மண்ணும் போடுங்கள், சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர் எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றுங்கள். மாரி டெங்குக் காலம் என்பதால் அருளப்பர் சொன்னதோடு சுகாதாரப் பரிசோதகர் சொன்னதும் சேர்ந்து நடக்கும். யாருடைய வீட்டு வாசல் என்று பார்க்காமல் ஒழுங்கை முழுக்கச் செய்யவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அதே கிழமையில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு அருளப்பரின் தகப்பன் சக்கரியாவின் கதை. சம்மனசு சொன்னதை நம்பாததால் பிள்ளை பிறக்கும்வரை பேச்சிழந்த கிழவர். அன்றைக்குச் சாப்பாடு முடியும்வரை அப்பா வாய் திறக்கக் கூடாது. வேண்டியதைச் சிலேற்றில்தான் எழுதிக் காட்டவேண்டும். "சம்பல்" என்று அவர் எழுத, வேண்டுமென்றே தண்ணீரை எடுத்துக் கொடுக்கிற மகள் எல்லா வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். சிரிக்கட்டும். மகிழ்ச்சிக்கு மூன்றாம் ஞாயிறுவரை காத்திருக்கவேண்டும் என்று சட்டமில்லை.

மூன்றாங்கிழமையில் எங்கள் மண்ணின் கதை. டச்சுக்காரர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருக்களைத் துரத்தியிருந்த காலம். 1687இல் போர்த்துக்கீசர் ஆண்ட கோவாவிலிருந்து யோசே வாஸ் என்ற குரு ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டுப் போனார்; அதைக் கண்டு முகம் மாறுகிறவர் யார் என்று பார்த்தார். விசுவாசத்தை விடாமல் வைத்திருந்த சில்லாலை மக்கள் அவருக்கு இடம் கொடுத்தார்கள். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் பட்டினத்தில் கூடியிருந்த ஏறக்குறைய முந்நூறு கத்தோலிக்கரை டச்சுப் படை வளைத்துப் பிடித்தது. வாஸ் அகப்படவில்லை. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் அவரைப் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அன்றைக்கே மடுவுக்கும் வந்துபோனார். உரும்பிராயிலிருந்து சில்லாலை தூரமில்லை, பாடசாலை விடுமுறையில் ஒருநாள் போய்வரலாம். புரட்டஸ்தாந்து வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லத் தயங்குகிறார்கள். தடைசெய்தவர்களும் சீர்திருத்தச் சபையார் என்பதால் போலும். அப்படியே சொல்லுங்கள். கிறிஸ்தவர் கிறிஸ்தவருக்குச் செய்ததைப் பிள்ளைகள் வீட்டிலேயே கேட்டு அறிவது நல்லது.

நாலாங்கிழமை மரியாள் எலிசபெத்தைப் பார்க்கப் போன கதை. கதையைவிடப் போவது முக்கியம். தனித்திருக்கிற ஒரு கிழவியையோ கிழவரையோ பார்க்கப் போங்கள். பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய கல்வீட்டில் ஒற்றையாய் இருக்கிறவர்கள் எங்கள் ஊரில் குறைவில்லை. கையில் பலகாரம் கொண்டுபோவதோடு முடித்துவிடாமல், ஒரு மணித்தியாலமாவது இருந்து பேசுங்கள்.

வெறுந் தொட்டில்

1223இல் கிரேச்சோ என்ற இத்தாலியக் கிராமத்தில் அசிசியின் பிரான்சிஸ் தொட்டிலில் வைக்கோல் போட்டு, மாட்டையும் கழுதையையும் கட்டி நத்தார்ப் பூசை வைப்பித்தார். குடில் கட்டும் வழக்கம் அங்கிருந்து பரவியது. உயிருள்ள மாடும் உண்மையான வைக்கோலும் கொண்ட அந்தக் குடிலை, நாங்கள் பஞ்சைப் பிய்த்து ஒட்டிப் பனி பெய்யவைக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கூரையில் மழை கொட்ட, குடிலில் பனி கொட்டுகிறது. உரும்பிராய்க் குடிலுக்கு ஓலைக்கூரையும் செம்மண் தரையும் போதும். இரண்டாம் ஞாயிறு கழிந்ததும் ஒரு தட்டில் சேலைத்துண்டை விரித்து, முதல்நாள் ஊறவைத்த நெல்லையோ குரக்கனையோ தூவி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், இருபத்துநாலாம் திகதிக்கு ஆடுகள் மேயப் பச்சைப்புல் ஆயத்தம். தண்ணீர் தெளிக்கிற வேலை நாலைந்து வயதுக்காரருடையது. தட்டு மூழ்கும் அளவுக்கு ஊற்றுவார்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

தொட்டில் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும், வெறுமையாக. யாருக்காவது ஒரு நன்மை செய்தவர் ஒரு வைக்கோல் துரும்பை அதில் வைக்கலாம். இதில் இரண்டு எச்சரிக்கை. யார் எத்தனை துரும்பு வைத்தார் என்று எண்ணக்கூடாது. எண்ணத் தொடங்கினால் அது ரியூசன் வகுப்புப் புள்ளிப் பட்டியலாகிவிடும், மூத்தது முந்தும், சின்னது அழும். மற்றது, குழப்படி செய்தால் துரும்பை எடுத்துவிடுவேன், பாலன் கோவிப்பார் என்று வெருட்டக்கூடாது. பிள்ளைகள் நல்லவர்களாக இருந்ததால் வந்தவரல்லர் அவர். இந்த ஒன்றைச் சரியாக விளங்கிக்கொண்ட பிள்ளைக்குச் சுவிசேஷத்தில் பாதி விளங்கிவிட்டது.

"அம்மம்மா, பாலன் எங்கை?" என்று ஒருநாள் வரும்.

"இன்னும் பிறக்கேல்லை, குஞ்சு."

"பள்ளிக்கூடத்திலை பிறந்திட்டார்."

"அங்கை ஒத்திகை. இஞ்சை இனித்தான்."

சீதனக் கதை

நத்தார் தாத்தாவை ஒழிக்க முயலவேண்டாம், தோற்றுப்போவீர்கள். டிசம்பர் 6 அன்று அவருடைய மூலக்கதையைச் சொல்லுங்கள். மீறா நகரின் ஆயர் நிக்கலஸ். சீதனம் கொடுக்க வழியில்லாமல் மூன்று பெண்களை வைத்துக்கொண்டு தவித்த ஒரு தகப்பனின் வீட்டுக்குள், இரவில் யாருக்கும் தெரியாமல் பொன்முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனார் என்பது மரபு. யாழ்ப்பாணத்தில் சீதனம் என்றால் என்ன என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தகப்பனின் முகம் அவர்களுக்குத் தானாக விளங்கும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளும் பையன்களும் இருந்தால், சீதனம் கேட்பது சரியா என்ற பேச்சும் வரும். வரட்டும், நல்ல பேச்சு.

5ஆம் திகதி இரவு பிள்ளைகளோடு போய் யாருடைய படலையிலாவது ஒரு பை தொங்கவிட்டு ஓடிவாருங்கள். தேங்காய், முட்டை, ஒரு கொப்பி, வெங்காயம், எதுவானாலும் சரி. யார் வைத்தது என்று கடைசிவரை சொல்லக்கூடாது. நாய் குரைக்கிற வீடாகப் பார்த்துத் தெரியவேண்டாம்.

அயலட்டை

எங்கள் பிள்ளைகளின் சிநேகிதரில் பெரும்பாலானோர் சைவப் பிள்ளைகள். கற்பகப் பிள்ளையார் கோயிலின் மணி எல்லா வீட்டுக்கும் கேட்கும். திருவருகைக்காலம் அவர்களுக்கும் விரதகாலம்தான்: கார்த்திகைப் பூரணை கழிந்த மறுநாளிலிருந்து இருபத்தொரு நாள் பிள்ளையார் பெருங்கதை. சுன்னாகம் வரதபண்டிதர் பாடிய பிள்ளையார் கதையைக் கோயிலில் உட்கார்ந்து படிப்பார்கள். அதற்குப் பின்னர் மார்கழித் திருவெம்பாவை. விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகும். அவர்கள் சாப்பாட்டைக் குறைத்து நாள் எண்ணுகிறபோது, நாங்கள் முதல் ஞாயிறே கேக் வெட்டிக்கொண்டிருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கே அது வெட்கமாக இருக்கும்.

கரோல் போகிறவர்கள் இதையெல்லாம் மனதில் வைக்கலாம். ஒலிபெருக்கியைப் பத்து மணிக்கு மேல் வேண்டாம். விடியப்புறம் எழும்புகிற வீடுகள் இருக்கின்றன. கரோலை 17ஆம் திகதிக்குப் பின் வைத்துக்கொண்டால் திருவருகைக்காலத்துக்கும் மரியாதை. அன்றிலிருந்து வழிபாடே நத்தாரை நேராகப் பார்க்கத் தொடங்குகிறது.

குசினி

இங்கே காத்திருப்பு மணக்கும். முதல் ஞாயிறு கேக்குக்குப் பிளம்ஸ், செரி, பூசணிப் பாகு, இஞ்சிப் பாகு எல்லாவற்றையும் பொடியாக அரிந்து போத்தலில் ஊறப்போடுங்கள். பிறண்டி விரும்பாத வீடுகளில் தோடம்பழச் சாறும் தேனும். அப்படியென்றால் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, கேக் போடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னர் ஊறவைத்தால் போதும். கஜு அரிவது பிள்ளைகளின் வேலை. பாதி வாய்க்குள் போகும் என்று கணக்கில் சேர்த்து வாங்குங்கள். பயற்றம்பணியாரத்துக்குப் பயறு வறுத்து இடித்து வைப்பது மூன்றாங்கிழமை. சுடுவது இருபத்திரண்டு, இருபத்துமூன்றாம் திகதிகளில். முதற் பெட்டி பலகாரம் அயலுக்குப் போகவேண்டும், வீட்டார் தின்ற மிச்சமல்ல.

1995

அந்த ஆண்டு திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அதற்கு ஐந்து கிழமைக்கு முன், ஒக்ரோபர் 30இல், யுத்தத்தால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. உரும்பிராய் வெறுமையாகக் கிடந்தது. தெரியாதவரின் வீட்டு விறாந்தையிலும் பாடசாலைக் கட்டடத்திலும் கோயில் மண்டபத்திலும் அந்த நத்தார் வந்தது. திரும்பி வரத் தொடங்கியது அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பின்னர்.

அம்மம்மாவோ அப்பப்பாவோ உயிரோடு இருந்தால், நாலாங்கிழமையில் ஒரு மாலை அந்த நத்தாரைப் பற்றிக் கேளுங்கள். எல்லாவற்றையும் சொல்லவேண்டியதில்லை, பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மழையில் நடந்ததும், யார் இடம் கொடுத்தார் என்பதும், என்ன சமைத்தார்கள் என்பதும் போதும். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. சூசையும் மரியாளும் பதிவுக்காக நடந்து போய் இடமில்லாமல் நின்றதைப் பிள்ளைகள் தாமாகவே இணைத்துப் பார்ப்பார்கள். இணைக்காவிட்டாலும் பரவாயில்லை, இடம் கொடுத்த அந்த வீட்டுக்காரருக்கு இந்த நத்தாருக்கு ஒரு வாழ்த்துமடல் போடலாம்.

வெளிநாட்டில் இருக்கிற மச்சான்மாரோடு சேர்ந்து விளக்குக் கொளுத்த விரும்பினால் நேரத்தைப் பாருங்கள். இங்கே மாலை ஆறரை என்றால் ரொறன்ரோவில் காலை எட்டு, லண்டனில் பின்னேரம் ஒன்று, பாரிசில் இரண்டு. ஞாயிறு என்பதால் எல்லாருக்கும் சரிவரும்.

இருபத்துநாலு இரவும் அதற்குப் பின்னும்

நள்ளிரவு வழிபாட்டுக்குப் போய்வந்த பிறகு பாலனைத் தொட்டிலில் வைப்பது ஆகச் சின்னவரின் உரிமை. அவர் நித்திரையாகிவிட்டால் விடிய எழும்பி வைக்கட்டும். தூங்குகிற பிள்ளையை உலுப்பி எழுப்பி அழவைத்துப் படம் எடுக்கவேண்டாம். பரிசுகளை அதற்குப் பிறகு பிரியுங்கள்.

26ஆம் திகதி குடிலைக் கழற்றுகிற அவசரம் பல வீடுகளில் உண்டு. நாலு கிழமை காத்திருந்துவிட்டு ஒரு நாளில் முடிப்பது வீண்செலவு. நத்தார்க் காலம் இனித்தான் தொடங்குகிறது. ராசாக்கள் மூவரையும் வீட்டின் மறுகோடியில், தையல்மெசின் மேலோ புத்தக அலுமாரியிலோ வைத்து, நாளுக்கு ஒரு முழம் நகர்த்தி ஜனவரி 6க்குக் குடிலடிக்குக் கொண்டுவாருங்கள். புல் அதற்குள் பழுத்துவிடும், கோழிக்குப் போடலாம். அடுத்த தவணை தொடங்கிவிட்டாலும் ஜனவரி 16 யோசே வாஸ் அடிகளின் திருநாள். டச்சுக்காரரிடமிருந்து தப்பியவர் கண்டிக்குப் போய் அரசனின் சிறையில் இருந்த கதையை மூன்றாங்கிழமையில் சொல்லாமல் மிச்சம் வைத்திருந்தால் அன்றைக்குச் சொல்லலாம்.